“ஊரில எவடம்?” என்று நான் கேட்ட நாள்

திங்கட்கிழமை வேலைக்கு வரப்போகும் உங்கள் இருவருக்கும்,

வணக்கம். உங்கள் மேசைகள் ஜன்னல் பக்கம் இருக்கின்றன. இரண்டு கதிரைகளில் ஒன்றின் உயரத்தை மாற்றும் பிடி வேலை செய்யாது. உங்களில் குட்டையானவர் அதை எடுத்துக்கொள்ளலாம். மூன்று முறை முறைப்பாடு செய்துவிட்டேன். நான்காவதை உங்களிடம் விட்டுச் செல்கிறேன்.

எட்டு வருடங்களுக்குப் பிறகு இந்த இலவசச் சட்ட உதவி நிலையத்தை விட்டுப் போகிறேன். முப்பத்தாறு வயதில் எனக்குப் பிரியாவிடை கேக் வெட்டினார்கள். அதில் “இனிய ஓய்வு காலம்” என்று எழுதியிருந்தது. அவசரத்துக்குக் கடையில் அந்தக் கேக்தான் இருந்ததாம். பரவாயில்லை, ஓய்வு பெறுகிறவர்கள் செய்வதைத்தான் நானும் செய்யப்போகிறேன். கேட்காமலே அறிவுரை சொல்லப்போகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் படித்ததும் முதலில் வேலை செய்ததும் மென்பொருள் சோதனையில். யாரோ எழுதிய செயலி எங்கே உடையும் என்று தேடி, உடைத்து, பட்டியல் போட்டுக் கொடுப்பது. இந்த நிலையத்தின் தரவுத்தளத்தைச் சரிசெய்ய ஒரு சனிக்கிழமை தொண்டராக வந்தேன். தமிழ் பேசத் தெரியும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். மிச்சம் உங்களுக்கே விளங்கும்.

இங்கே நாம் செய்வது இதுதான். வீட்டில் அடிபட்டுத் தப்பி வந்தவர்கள், வேலைக்கென்று கூட்டிவரப்பட்டுப் பூட்டி வைக்கப்பட்டவர்கள், இவர்களில் பலருக்கு விசா என்ற கயிற்றின் மறுமுனை அடித்தவரின் கையிலேயே இருக்கும். அந்த முனையை அங்கிருந்து கழற்றுவதுதான் வேலை. சட்டப் பகுதியைச் சட்டத்தரணிகள் பார்ப்பார்கள். வந்தவரின் கதையைத் தமிழில் கேட்டு, ஒழுங்குபடுத்தி, அவர்கள் கையில் கொடுப்பது தமிழ் மேசை. அதாவது இனி நீங்கள்.

பொதுக் கோப்புறையில் என்னுடைய பட்டியல் இருக்கிறது. மொத்தம் நாற்பத்தொரு வரிகள். எந்த நேரம் அழைத்தால் ஆபத்தில்லை, கடிதத்தை எங்கே அனுப்பக்கூடாது, தொலைபேசியை வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்வதென்று முன்பே பேசி வைத்தல், இப்படி. நான் பெரும்பாலும் நூலகத்திலிருந்து பேசுவதாகச் சொல்வேன், எடுத்த புத்தகம் திரும்பி வரவில்லை என்று. ஒரு மாமியார் பத்து நிமிடம் என்னோடு வாதாடினார். “எங்கட மருமகள் புத்தகமே தொடுறதில்லைப் பிள்ளை” என்றார், பெருமையாக.

அந்த நாற்பத்தொன்றையும் ஒரு காலை நேரத்தில் வாசித்துவிடலாம். நாற்பத்திரண்டாவதைத்தான் ஒரு வரிக்குள் அடக்க முடியவில்லை. “ஊர் கேட்காதே” என்று எழுதிப் பார்த்தேன். வாசிப்பவருக்கு அது ஏதோ நாகரிகக் குறிப்புப் போலத் தெரிந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் சேர்ந்து இரண்டாவது வருடம். வந்தவரை மேகலா என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பெயரை அவரேதான் தேர்ந்தெடுத்தார். நான் முதலில் வைத்திருந்த பெயரைக் கேட்டுவிட்டு, “ஐயோ, அது எங்கட சின்னம்மான்ர பேர். அவவை ஏன் இதுக்குள்ள இழுக்கிறியள்?” என்றார். இந்தக் கடிதத்தை உங்களுக்கு முன் வாசித்தவரும் அவர்தான். எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தான் தங்கியிருந்த பாதுகாப்பு இல்லத்தின் பணியாளரோடு வந்தார். இருபத்தெட்டு வயது. கல்யாணம் முடித்து, தற்காலிகத் துணைவர் விசாவில் மெல்பேர்ணுக்கு வந்து இரண்டு வருடம். கிரெய்கிபர்னில் கணவன் வீடு. அடி இருந்தது. கடவுச்சீட்டு மாமியாரின் அலுமாரிக்குள் பூட்டில் இருந்தது. வாசலைத் தாண்டினால் விசாரணை. ஒரு நாள் தாண்டினார், திரும்பிப் போகவில்லை. அடுத்த கிழமையே கணவன் குடிவரவுத் திணைக்களத்துக்கு, இந்தக் கல்யாணம் முடிந்துவிட்டது என்று எழுதிவிட்டார்.

திணைக்களத்திலிருந்து மேகலாவுக்குக் கடிதம் வந்தது: இருபத்தெட்டு நாட்களுக்குள் உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள். எங்களிடம் வந்தபோது பன்னிரண்டு நாள் போய்விட்டது.

சட்டத்தில் இதற்கு வழி உண்டு. வீட்டு வன்முறையால்தான் உறவு முறிந்தது என்று காட்டினால் கணவனின் ஆதரவு இல்லாமலே நிரந்தர விசா கிடைக்கலாம். ஆனால் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் விசா இல்லை, ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே கணவனின் அண்ணன், மேகலாவின் பெற்றோர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். அதற்குள் ஒரு தடவை போய், “உங்கட மகள் வரட்டும், கதைக்கிறம்” என்று சொல்லிவிட்டும் வந்திருந்தார்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்துதான் அந்த அறைக்குள் போனேன். மேகலா கதிரையின் விளிம்பில் இருந்தார். மடியில் ஒரு கறுப்புப் பை. இரண்டு கைகளும் பையின் மேல்.

“பையைக் கீழ வையுங்கோவன்.”

“பரவாயில்லை.”

“தேத்தண்ணி?”

“வேண்டாம்.”

அவருடைய பயத்தைக் குறைக்க வேண்டும். எனக்குத் தெரிந்த மிகச் சிநேகமான கேள்வியைக் கேட்டேன்.

“நீங்கள் ஊரில எவடம்?”

உங்களில் ஒருவர் கோயம்புத்தூர் என்று கேள்விப்பட்டேன். (பார்த்தீர்களா, நான் கேட்கவேயில்லை, தானாக வந்து சேர்கிறது.) அவருக்காக விளக்குகிறேன்: ‘எவடம்’ என்றால் எந்த இடம். யாழ்ப்பாணத்தவருக்கு இது கேள்வியே இல்லை, வணக்கம் சொல்லும் முறை. கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும் பஸ் தரிப்பிடத்திலும் இதைத்தான் சொல்வோம். முதலில் ஊர், அடுத்தது பள்ளிக்கூடம், மூன்றாவது “ஆற்ற ஆக்கள்?”, அதாவது யார் வீட்டுப் பிள்ளை. அனேகமாக மூன்றாவது கேள்வியிலேயே, “ஓ, அவையள் எங்கட மாமான்ர சகலன் ஆக்கள் எல்லோ!” என்று முடிந்துவிடும். எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஒளிந்திருப்பவரைத் தவிர.

மேகலா கதவைப் பார்த்தார். பிறகு, “வவுனியா” என்றார்.

“ஓமோ? எங்கட அம்மா ஆக்கள் வடமராட்சிப் பக்கம். அம்மா இப்ப நோபல் பார்க்கில. சிவா அன்ரி எண்டால் அங்க தெரியாத ஆள் இல்லை” என்றேன். பெருமை எனக்கும் வரும்.

“ஓம்” என்றார் மேகலா. பையின் மேல் கைகள் இறுகின.

அன்றைய குறிப்பு இப்போதும் கோப்பில் இருக்கிறது. “நல்லுறவு ஏற்பட்டது” என்று எழுதி, அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.

அடுத்த இரண்டு கிழமைகளில் நாலு தடவை சந்தித்தோம். படிவங்களைத் தானே நிரப்புவார். அழகான கையெழுத்து. எந்தப் பெயரை எழுதினாலும் சுற்றிவர ஒரு பெட்டி கீறுவார், வலது மேல் மூலையை மட்டும் மூடாமல் விடுவார். ஏன் என்று கேட்டேன். “பழகிப்போச்சு” என்றார். நான் மணித்தியால அட்டவணை போட்டேன். எத்தனை மணிக்கு எழும்புவார், யார் வீட்டில் இருப்பார்கள், எப்போது அடி விழும். விடிய நாலு மணியிலிருந்து பின்னேரம் மூன்று மணி வரை ஒரே பதில்தான்.

“வீட்டு வேலை.”

“பதினொரு மணித்தியாலமும் வீட்டு வேலையோ?”

“பெரிய வீடு.”

கிரெய்கிபர்ன் வீடுகள் பெரியவைதானே என்று எழுதிக்கொண்டேன். ஒரு சோதனையாளர் விடக்கூடாத பிழை அது. செயலி ஒரே பதிலைப் பதினொரு முறை தந்தால் நான் மேசையில் தட்டி ஆட்களைக் கூப்பிட்டிருப்பேன். மனிதர் தந்தபோது, பாவம் களைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

பதிலளிக்க ஆறு நாள் இருக்கையில், வெள்ளிக்கிழமை, வாக்குமூலத்தின் வரைவை எங்கள் தலைமைச் சட்டத்தரணியிடம் கொண்டுபோனேன். அவர் என்னைவிட இரண்டு வயது இளையவர். சைக்கிளில் வருவார், தலைக்கவசத்தைக் கழற்ற மறந்து அப்படியே கூட்டங்களில் இருப்பார். தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. அப்பிள் தின்றுகொண்டே வாசித்தவர் நிறுத்தினார். வாக்குமூலத்தில் “நான் வவுனியாவில் பிறந்து வளர்ந்தேன்.” பிறப்புச் சான்றிதழில் கடற்கரையோரம் வேறொரு ஊர். அதன் பெயரை இங்கே எழுதவில்லை.

எனக்கு முகம் சூடேறியது. “பொய் சொல்லியிருக்கிறார். பிறந்த ஊரிலேயே பொய் என்றால் மிச்சத்தை எப்படி நம்புவது? திணைக்களமும் இதைத்தானே கேட்கும்?” என்று சொல்லிக்கொண்டே தொலைபேசியை எடுக்கப் போனேன்.

அவர் பாதி கடித்த அப்பிளைத் தொலைபேசியின் மேல் வைத்தார்.

“கூப்பிட்டு என்ன கேட்பாய்?”

“ஏன் பொய் சொன்னீர்கள் என்று.”

“அந்தக் கேள்வியைப் போன இரண்டு வருடத்தில் அவரிடம் எத்தனை தரம் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறாய்?”

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

“முதல் நாள் குறிப்பை எடு. இந்தப் பதிலுக்கு முன்னால் நீ என்ன சொன்னாய், பின்னால் என்ன சொன்னாய், வாசி.”

வாசித்தேன், ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து. வாசிக்க வாசிக்க என் குரல் இறங்கிக்கொண்டே போனது.

“இதில் அவரைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. உன்னைப் பற்றி மூன்று வரி இருக்கிறது” என்றார். பிறகு அப்பிளை எடுத்துக்கொண்டார். “யாரையும் கூப்பிடாதே. திங்கட்கிழமை யோசிப்போம்.”

ஆறு நாளில் இரண்டு நாளைச் சும்மா விடுவதா என்று எனக்கு எரிச்சல். கூடுதல் அவகாசம் கேட்கலாம்தான், ஆனால் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. அந்த எரிச்சலோடுதான் சனிக்கிழமை மத்தியானம் அம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன்.

அம்மா குசினியிலிருந்தபடியே கட்டளை போட்டார். “ஃபிரீசரில மேல் தட்டில றோல்ஸ் கிடக்கு, எடு. பொரிப்பம். அது பழசு, நல்லது. இப்ப வாறது வாயில வைக்கேலாது.”

“ஏன், என்ன நடந்தது?”

“கை மாறிப்போச்சு. உந்த வான்காரப் பெடியன்ர மனுசி விட்டிட்டுப் போட்டாளாம்.”

சனிக்கிழமைகளில் நோபல் பார்க்குக்கு ஒரு வான் வரும். வீட்டில் சமைத்த இடியப்பம், றோல்ஸ், சம்பல் எல்லாம் கொண்டுவரும். அம்மா பல மாதமாக வாடிக்கை. அந்த வான் எங்கிருந்து வருகிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஊர் கேட்கும் பழக்கமுள்ளவள், கேட்க வேண்டிய இடத்தில் கேட்கவில்லை.

பையை வெளியே எடுத்தேன். உறைந்த பிளாஸ்டிக்கின் மேல் ஒரு வெள்ளை லேபிள், நீலப் பேனா. ‘சிவா அன்ரி, நோபல் பார்க்’ என்ற பெயரைச் சுற்றி ஒரு பெட்டி. வலது மேல் மூலை மூடவில்லை. கீழே, ‘றோல்ஸ் 30. உறைப்புக் குறைவு.’

அம்மாவுக்கு வயிற்றில் புண். உறைப்பு ஒத்துக்கொள்ளாது.

நாலு மணியிலிருந்து மூன்று மணி வரை என்ற என் அட்டவணையின் வெறும் கட்டங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நிரம்பின. கூடவே இன்னொன்றும் விளங்கியது. நான் அம்மாவின் பெயரைச் சொன்ன அந்த நிமிடமே மேகலாவுக்கு நான் யாரென்று தெரிந்துவிட்டது.

“என்னடி, ஃபிரீசரைத் திறந்து வைச்சுக்கொண்டு நிக்கிறாய்? குளிரெல்லாம் வெளியில போகுது.”

மூடினேன்.

“விசாவுக்காகவே கட்டினவளாம்” என்று அம்மா தொடர்ந்தார். “பெடியன்ர தாய் மனுசிதான் பாவம், இந்த வயசில தனிய அடுப்படியில நிக்குது. உன்னட்டையும் உப்பிடிப்பட்டதுகள் வருங்கள். கண்ணீரைக் கண்டு ஏமாந்து போகாதை.”

இந்த வேலையில் மிகக் கடினமான இடம் எது என்று புதியவர்கள் கேட்பார்கள். அழுகிறவர் முன்னால் இருப்பது என்று எதிர்பார்ப்பார்கள். எனக்கு அது அம்மாவின் குசினி. “அம்மா, உங்களுக்கு ஒண்டும் தெரியாது” என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. அதைச் சொன்னால் போதும், அம்மா ஒன்றும் முட்டாள் இல்லை. எனக்கு ஏதோ தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். பின்னேரத்துக்குள் நாலு தொலைபேசி அழைப்பு, அடுத்த நாள் கோயில், அதற்கடுத்த நாள் மேகலா எந்தக் கட்டடத்துக்கு வந்துபோகிறார் என்பது கணவனின் காதில்.

வாயை மூடினேன். மற்றக் கை சட்டைப் பையில் இருந்த தொலைபேசியைத் தொட்டது. ஒரு படம் எடுத்தால் போதும், பதினொரு மணித்தியாலத்துக்குச் சாட்சி. பையையே கொண்டுபோனாலும் அம்மா ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் அதை நான் அம்மாவின் மகளாக நின்று கண்டேன். மேகலா எனக்குக் காட்டவில்லை. அவர் மறைத்ததை அவருக்குத் தெரியாமல் எடுத்து அவருடைய கோப்பில் வைத்தால், கடவுச்சீட்டைப் பூட்டி வைத்தவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

அதற்குள் அம்மா தாச்சியில் எண்ணெய் ஊற்றிவிட்டார். “கொண்டா இஞ்சை.”

“வேண்டாம் அம்மா, சோறே காணும். அடுத்த கிழமை என்ர சிநேகிதப் பிள்ளையள் வருவினம். அதுக்கு வைச்சிருங்கோ.”

அம்மா திரும்பிப் பார்த்தார். “நீயோ? றோல்ஸ் வேண்டாமெண்டோ?” கிட்ட வந்து நெற்றியைத் தொட்டார். “காய்ச்சலும் இல்லையே.”

சிநேகிதப் பிள்ளைகள் யாரும் வருவதாக இல்லை. பயத்தில், ஒருவரைக் காப்பாற்ற நினைத்து, முன்னால் நிற்பவர் நல்லவர் என்று தெரிந்துகொண்டே பொய் சொன்னேன். ஒரு வினாடிகூட எடுக்கவில்லை. ‘வவுனியா’ எவ்வளவு சுலபமாக வந்திருக்கும் என்று அப்போதுதான் விளங்கியது.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கே தலைமைச் சட்டத்தரணியின் கதவடியில் நின்றேன். முழுவதையும் சொன்னேன். அவர் தலைக்கவசத்தைக் கழற்றினார். அது நல்ல அறிகுறியல்ல.

“அம்மாவிடம் ஏதாவது சொன்னாயா?”

“இல்லை.”

“படம் எடுத்தாயா?”

“இல்லை.”

“நல்லது. இனி இந்தக் கோப்பை நீ திறக்கக்கூடாது.”

எதிர்பார்த்ததுதான். ஆனாலும் சுருக்கென்றது. “மூன்று நாள்தான் இருக்கிறது. தமிழுக்கு என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன், நான் இல்லாவிட்டால் தமிழே அழிந்துவிடும் என்பது போல.

“சிட்னி” என்றார்.

பட்டியலில் முப்பத்தெட்டாவது வரி அன்றுதான் பிறந்தது. மெல்பேர்ணில் இருப்பவருக்குச் சிட்னியிலிருந்து மொழிபெயர்ப்பாளர், தொலைபேசியில், வந்தவரின் பெயர் சொல்லாமல். முடிந்தால் வேறு நாட்டுத் தமிழ். இதற்குப் பின் அந்த அறையில் நடந்தது எனக்கு மேகலாவின் அனுமதியோடு பிறகு சொல்லப்பட்டது.

செவ்வாய்க்கிழமை தலைமைச் சட்டத்தரணி சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தார். உங்களோடு பேசியவரின் தாயார் உங்கள் வீட்டு வானில் சாப்பாடு வாங்குகிறவர். இது மகளுக்குச் சனிக்கிழமைதான் தெரியவந்தது. வீட்டில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இனி உங்கள் கோப்பைத் தொடமாட்டார். வேறு நிலையத்துக்குப் போக விரும்பினால் இன்றைக்கே ஏற்பாடு செய்கிறேன்.

தொலைபேசியில் இருந்த அம்மையாருக்கு மதுரைப் பக்கத்துப் பேச்சு. ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிவிட்டு, “புரியுதுங்களா மேடம்? அவசரமே இல்ல, மெதுவா சொல்லுங்க” என்றாராம். பழைய வரைவின் முதல் வரி வந்தபோது, “ஒரு நிமிஷம், இந்த வவுனியாங்கிறது ஊருங்களா, இல்ல ஆளுங்களா?” என்று கேட்டாராம்.

மேகலா சிரித்துவிட்டார். அந்தக் கட்டடத்துக்குள் அதுதான் முதல் சிரிப்பு. “அந்த மனுசிக்கு வவுனியாவே தெரியாது. அப்பதான் எனக்கு மூச்சு வந்தது” என்று பிறகு என்னிடம் சொன்னார். நான் சொந்தக்காரி போல நடந்து அவர் வாயை அடைத்தேன். ஊர் பேர் தெரியாத ஒருவர் அதைத் திறந்தார்.

பிறகு கறுப்புப் பையைத் திறந்து ஒரு கொப்பியை மேசையில் வைத்தார்.

ஓடர் கொப்பி. பதினாலு மாதம். ஒவ்வொரு நாளும் யாருக்கு என்ன, எத்தனை, சமையல் தொடங்கிய நேரம். ஓரத்தில் பொடி எழுத்தில், ‘இடது கை ஏலாது’, ‘இண்டைக்கும் கதவு பூட்டு’, ‘அவர் சத்தம், இடியப்பம் பிந்திப்போச்சு’. ஒரு நாளும் லீவில்லை. ஒரு சதம் சம்பளமில்லை. வீட்டை விட்டு வெளியேறிய அன்று எடுத்து வந்த நாலு பொருட்களில் அது ஒன்று.

“முதல் நாளே குடுக்கத்தான் கொண்டு வந்தனான்” என்றார் மேகலா. “முதல் பக்கத்திலயே சிவா அன்ரி இருக்கிறா. அவவின்ர மகளிட்டை எப்பிடிக் குடுக்கிறது?”

இதை நீங்கள் இரண்டு தரம் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் இரண்டு கிழமை அட்டவணை போட்டுத் தேடிய சாட்சி முதல் நாளே என் முன்னால் ஒரு பைக்குள் இருந்தது. அதைப் பைக்குள்ளேயே வைத்திருக்கச் செய்தது என் சிநேகமான கேள்வி.

புதன்கிழமைக்குள் வாக்குமூலம் புதிதாக எழுதப்பட்டது. ‘முன்பு வவுனியா என்று சொன்னேன். அது சரியல்ல. கேட்டவருக்கு என் கணவன் வீட்டாரைத் தெரிந்திருக்கும் என்று பயந்தேன்’ என்று அதிலேயே இருந்தது. முதல் வரைவில் அவர் கையொப்பமிடவில்லை, அதைக் கிழித்துப் போட்டு ஒன்றும் தெரியாதது போல இருந்திருக்கலாம். தலைமைச் சட்டத்தரணி அப்படிச் செய்யவில்லை. இணைத்த கடிதத்தில் என் பிழையும் இரண்டு வரியில் இருந்தது. வாசித்தேன். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வியாழக்கிழமை மத்தியானம் எல்லாம் திணைக்களத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

சம்பளமில்லாமல், கடவுச்சீட்டைப் பூட்டி வைத்து வேலை வாங்குவதற்குச் சட்டத்தில் வேறு பெயர் உண்டு. கட்டாய உழைப்பு. அதற்கான உதவிக்கு வேறொரு கதவு இருக்கிறது. கதவைக் காட்டினோம். தட்டுவதா, எப்போது தட்டுவது என்பதை மேகலா தன் பாட்டில் யோசித்து முடிவு செய்தார். அது அவர் விஷயம், இங்கே வராது.

அம்மாவின் ஃபிரீசரில் இருந்த லேபிளையும் சேர்க்க வேண்டுமா என்று அவரிடம் கேட்டிருந்தார்கள். “கொப்பி காணும். அன்ரியை இழுக்கவேண்டாம். அவ சாப்பிடட்டும்” என்றாராம்.

அடுத்த சனிக்கிழமை அம்மா பொரித்தார். சிநேகிதப் பிள்ளைகள் எங்கே என்று கேட்டார். வரவில்லை என்றேன். ஒன்றைக் கையில் எடுத்தேன், சாப்பிட முடியவில்லை. அம்மா மறுபடியும் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அந்த றோல்ஸ் முப்பது அல்ல, முப்பத்திரண்டு என்று இந்தக் கடிதத்தை வாசித்த மேகலா திருத்தியிருக்கிறார். சிவா அன்ரி ஒரு தடவை சுகம் விசாரித்துக் கடதாசித் துண்டு அனுப்பினாராம், அதிலிருந்து மேகலா அவருக்கு எப்போதும் இரண்டு கூட வைப்பாராம்.

ஆக, நாற்பத்திரண்டாவது வரி. ஊர் கேட்காதீர்கள் என்பது அதில் பாதிதான். உங்கள் ஊரையும் சொல்லாதீர்கள். நம் ஆட்கள் என்பதால் நம்மிடம் திறந்து பேசுவார்கள் என்று நினைக்காதீர்கள். சிலர் நம் ஆட்களிடமிருந்துதான் ஓடி வருகிறார்கள். வந்தவரின் கதையில் ஒரு பொய் தட்டுப்பட்டால், அவரைச் சோதிக்கும் முன் உங்கள் கேள்வியைச் சோதித்துப் பாருங்கள். உங்கள் பிழை தெரியவந்தால் எட்டரை மணிக்கே கதவடியில் நில்லுங்கள், ஒன்பது மணிக்கு அதைச் சொல்லாமல் விட நல்ல காரணங்கள் கிடைத்துவிடும். கடைசியாக, அம்மா வீட்டுக்குப் போகும்போது வாயைத் திறப்பது சாப்பிட மட்டும்.

மேகலாவின் விசா வந்த செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஒரு நாள் காலை தலைமைச் சட்டத்தரணி இரண்டு அப்பிளோடு வந்து ஒன்றை என் தொலைபேசியின் மேல் வைத்துவிட்டுப் போனார். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

சில மாதங்கள் கழித்து நம் கட்டடத்துக்கு முன்னால் உள்ள டிராம் தரிப்பிடத்தில் நின்றேன். மேகலா தெருவைக் கடந்து என்னிடம் வந்தார். நம் விதி பட்டியலில் இருக்கிறது, வெளியில் கண்டால் நாமாகக் கதைப்பதில்லை. அவர்தான் தொடங்கினார். பூச்செடி விற்கும் இடத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம்.

“சமையல் வேலை தவிர எதெண்டாலும் எண்டு கேட்டனான். செடி நல்லது அக்கா. உறைப்புக் குறைவா வேணுமெண்டு ஒண்டும் கேக்காது.”

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு மெல்லக் கேட்டார்:

“அன்ரிக்கு இப்ப வயிறு எப்பிடி?”

“பரவாயில்லை. உறைப்புத்தான் ஒத்துவராது.”

“அது எனக்குத் தெரியுமே.”

டிராம் வளைவில் திரும்புவது தெரிந்தது. அவர் பயண அட்டையைக் கையில் எடுத்தார்.

“நீங்கள் அண்டைக்குக் கேட்டனீங்கள் எல்லோ” என்று சொல்லி, தன் ஊரின் பெயரைச் சொன்னார்.

எனக்கு அந்த ஊர் நன்றாகத் தெரியும். அம்மாவின் அக்கா அங்கேதான் இருக்கிறார், கோயிலுக்குப் பின் தெருவில். தையல் படிப்பித்தவர். மேகலாவின் வயதில் அந்த ஊரில் அவரிடம் படிக்காத பெண் இருக்க முடியாது. அவ்வளவும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

“கடல் இருக்கிற ஊர்” என்றேன்.

“ஓம்” என்றார் மேகலா. “கடல் இருக்கிற ஊர். போட்டு வாறன் அக்கா.”

டிராமில் ஏறி, ஜன்னலோரம் இருந்து, பையைப் பக்கத்துக் கதிரையில் வைத்தார்.